தம்பியின் நெஞ்சுக்கு ஒரு தாயத்து

எனக்கு வாய் நீளம் என்பது கிள்ளானில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாத மீதிப் பேர் லோரி ஓட்டாதவர்களாக இருப்பார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் கம்பெனியில் டிரைவர்களுக்கு டிரிப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதே நாற்காலி. காலையில் போனைக் காதில் வைத்தால் சாயங்காலம்தான் எடுப்பேன். எவன் எங்கே தே தாரிக் குடித்துக்கொண்டு “கேட்ல நிக்கிறேன்க்கா” என்று புளுகுகிறான் என்பதைக் குரலை வைத்தே சொல்லிவிடுவேன். ஒருவனையும் விட்டதில்லை. எங்கள் கம்பெனியிலேயே ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பியையும் விட்டதில்லை.

அவனுக்கு மாரடைப்பு வந்தபோது நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே முதலில் சொல்லிவிடுகிறேன். துறைமுக வாசலில் லோரி வரிசையில் நின்றபடி போன் பண்ணினான்.

“அக்கா, நெஞ்சு என்னமோ பண்ணுது. வேற ஆள் யாராச்சும் அனுப்புறியா?”

“காலையிலேயே நாசி லெமாக் ரெண்டு பொட்டலம் அடிச்சா நெஞ்சு பண்ணாம என்ன பண்ணும்? வாயுதான், காஸ்ட்ரிக்லா. பெட்டிய எறக்கிட்டு வா.”

இறக்கிவிட்டுத்தான் வந்தான். சொன்ன பேச்சைக் கேட்கிறவன். அலுவலகப் படியில் வந்து உட்கார்ந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. நான்தான் என் காடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அவன் போன் பண்ணியதிலிருந்து கழிந்த இரண்டு மணி நேரத்தில் இதயத்தின் ஒரு பக்கத்துச் சதை செத்துப்போயிருந்தது. அவனுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

இதயப் பிரிவில் அவனைப் பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். நம் தமிழ்ப் பெண்தான். ஒரு காகிதத்தில் இதயத்தை வரைந்து, செத்த இடத்தைப் பேனாவால் கிறுக்கி நிரப்பிக் காட்டினார்.

“இது போனது போனதுதான் அங்கிள். ஆனா மூணு எடத்துல அடைப்பு இருக்கு. பைபாஸ் பண்ணினா மிச்சம் உயிரோட இருக்கிற சதைக்கு நல்லா ரத்தம் போகும். லேட் பண்ணக்கூடாது.”

“போனதைத் திரும்பக் கொண்டு வரவே முடியாதா டாக்டர்?” என்றான் தம்பி.

“ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்கு. புதுசா சதையா வளரக்கூடிய செல். அத நெஞ்சுல வச்சு சரிபண்ண முடியுமான்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. ஒரு நாள் வரலாம். இன்னைக்கு உங்களுக்குக் குடுக்க என்கிட்ட அது இல்ல. இன்னைக்கு உங்களுக்கு வேண்டியது ஓப்பரேஷன்.”

அந்தப் பெண் ஸ்டெம் செல்லைப் பற்றிப் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. ஓப்பரேஷனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். வெளியே வந்து காடியில் ஏறியதும் தம்பி கேட்டது அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான். “அக்கா, ஸ்டெம் செல்னாங்களே, அது எங்க குடுக்கிறாங்கன்னு பாரேன்.” கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஓப்பரேஷனுக்கு மூன்று மாதம் கழித்து நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன் அதற்கப்புறம் எடுத்துப் பார்க்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. உங்கள் போனிலும் வந்திருக்கும். குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டிவிட்டார்களே நம் பெரியவர்கள், ஏன் தெரியுமா என்று ஆரம்பிக்கும். வெள்ளைக்காரன் இன்றைக்குக் கண்டுபிடித்த ஸ்டெம் செல்லை அவர்கள் அன்றைக்கே சேமித்து வைத்தார்களாம். பிற்காலத்தில் எந்த நோய் வந்தாலும் அந்தத் தாயத்தைத் திறந்தால் மருந்து தயாராம். கடைசியில் ‘தமிழனாய்ப் பெருமை கொள், பகிர்’ என்று முடியும்.

என் அம்மா அதை எத்தனை முறை படித்தாள் என்று தெரியாது. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. கிள்ளானில் தம்பியின் அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறாள். மறுநாள் நான் போனபோது சாமி மேடைக்குக் கீழே இருந்த பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, உள்ளே இருந்ததையெல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளிக் குழல். தம்பி பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அரைஞாண் கயிற்றில் தொங்கிய தாயத்து அது.

“பத்திரமா வச்சிருக்கேன்டி,” என்றாள். “ஒன்னோடது எஸ்டேட்ல வீடு மாறினப்ப தொலைஞ்சு போச்சு. இவனோடது இருக்கு.”

அவள் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னதைச் செய்தவள் என் அம்மா. கங்காணி சொன்னதை, அப்பா சொன்னதை, கடைசியில் நான் சொன்னதை. மகனுக்கு நெஞ்சு செத்துப்போச்சு என்று டாக்டர் சொன்னபோதுகூட அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இப்போது மருந்து அவள் கையில் இருந்தது. எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. நாற்பது டிரைவர்களை ஒரே மூச்சில் வாங்கு வாங்கென்று வாங்குகிறவள், அன்றைக்கு ஊமையாகிவிட்டேன்.

தம்பி பேஸ்புக்கில் தேடி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தான். கீழே பூக்கடை, மேல்மாடியில் ‘செல் சிகிச்சை மையம்’. ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். படி ஏறுவதற்குள் தம்பி இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினான். உள்ளே ஏசி, சோபா, சுவரில் பெரிய இதயப் படம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வெள்ளைக் கோட்டும் நெற்றியில் விபூதியுமாக வந்து உட்கார்ந்தார். டாக்டரா என்று கேட்டேன். கன்சல்டன்ட் என்றார். அந்த ஒரு சொல்லிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

அம்மா கைக்குட்டையைப் பிரித்துத் தாயத்தை மேசைமேல் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஆள் சிரிக்கப் போகிறான், இது எதற்கும் உதவாது பாட்டி என்று சொல்லப் போகிறான், அம்மாவின் முகம் விழுந்துவிடும், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுவாள் என்று நினைத்தேன். அப்படி நடந்திருந்தால் அந்த ஆளுக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

அவன் சிரிக்கவில்லை. தாயத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“அம்மா, நீங்க கொடுத்து வச்சவங்கம்மா. இங்க வர்றவங்க பாதிப் பேருகிட்ட இது இருக்கிறதில்ல. அடுத்தவங்க செல்லை வாங்கிப் போட வேண்டியதா இருக்கு. இவருக்கு இவரோடதே இருக்கு. லேப்புக்கு அனுப்பி வளத்து எடுக்கப் பன்னெண்டு வாரம் ஆகும். அப்புறம் ட்ரிப்ஸ்ல ஏத்திடலாம்.”

“என் மகதான் போன்ல அனுப்புனா,” என்றாள் அம்மா, என்னைக் காட்டி, பூரித்துப்போய். “இல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?”

“படிச்ச பிள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும்,” என்றான் அவன்.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் கோழிக்கால், மறு கையில் போன். முழுதாகப் படிக்கக்கூட இல்லை. தொப்புள்கொடி, ஸ்டெம் செல், நெஞ்சு என்று கண்ணில் பட்டது, தம்பிக்கு ஆகுமே என்று தட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். ஒரு கும்பிடு படம் வேறு சேர்த்து அனுப்பியிருந்தேன். அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன சொல்வேன்? நான் அனுப்பியதையே நானே பொய் என்பதா? அம்மாவுக்கு முன்னாலா?

கொடுத்த பணத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. போகட்டும், சனியன். அவன் எங்களிடம் திருடியது அந்தப் பன்னிரண்டு வாரத்தை. ஓப்பரேஷன் நாள் அதற்குள்தான் வந்தது. கத்தி பட்ட நெஞ்சில் புதுச் செல் ஒட்டாது என்று அவன் சொல்லிவிட்டானாம். உடம்பில் சேர்கிற தண்ணீர் பிரிய டாக்டர் கொடுத்த மாத்திரையையும் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான், மருந்து சேர்ந்தால் செல் வாடிவிடுமாம். செல் என்ன கத்தரிக்காய்ச் செடியா வாடிப்போக? தம்பி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி நாளைத் தள்ளி வைக்கச் சொன்னான். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோதும் கத்தினேனே தவிர, ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போன் பண்ணவில்லை. கத்துவது சுலபம்.

எட்டாவது வாரம் தம்பி பெண்டாட்டி எனக்குப் போன் பண்ணினாள். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை அவளுக்கு. அதிகம் பேசாத பெண்.

“அண்ணி, கொஞ்சம் வந்து பாருங்களேன். கால் ரெண்டும் வீங்கி இருக்கு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு நாற்காலியிலேயே உக்காந்து தூங்குறாரு. கேட்டா இன்னும் நாலு வாரம்தான்கிறாரு.”

வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனேன். தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். சிலிப்பருக்குள் கால் நுழையவில்லை. விரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்தினேன். குழி விழுந்தது விழுந்தபடியே இருந்தது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “மருந்து வர்ற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு அந்தக் கிளினிக் தம்பி சொல்லிச்சு,” என்றாள். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அதே பெண் டாக்டர். ஃபைலைப் புரட்டினார், ஓப்பரேஷன் நாள் தள்ளி வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். நான் தாயத்துக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது.

“காஞ்ச தொப்புள்கொடில உயிரோட ஒரு செல்கூட இருக்காது ஆன்டி. பொறந்தன்னைக்கே எடுத்து லேப்ல உறைய வச்சிருந்தாக்கூட, அதை இவர் நெஞ்சுக்குக் குடுக்கலாம்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்போது கேட்பது? காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்து, பதினொரு மணிக்கு உள்ளே போய், அடுத்த ஆள் கதவைத் தட்டுகிற வரைக்கும் கிடைக்கிற நேரத்திலா? அந்த விபூதிக்காரன் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தான். அம்மாவுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தான். உண்மை சொல்கிறவர்களுக்கு நேரம் இல்லை, பொய் சொல்கிறவனுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது. இதை அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. அவர் முகத்தில் தூக்கமே இல்லை. அவர்மேல் கோபப்பட்டு என்ன பண்ண?

“இப்ப ஓப்பரேஷன் பண்ண முடியுமா டாக்டர்?”

“இப்ப மேசையில படுக்க வச்சா எழுந்திரிக்க மாட்டாரு. மொதல்ல தண்ணிய வடிய வைக்கணும். நெஞ்சு தாங்குதான்னு பாக்கணும்.”

மறுநாள் காலையில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். காடியைப் பாதி நடைபாதையில் ஏற்றி நிறுத்தினேன், சம்மன் வந்தால் வரட்டும் என்று. மேலே அந்த ஆள் இல்லை. மேசையில் ஒரு இளம் பெண் மட்டும் இருந்தாள். அவுட்ஸ்டேஷன் போயிருக்கிறார் என்றாள்.

“எங்க அம்மா குடுத்த தாயத்து வேணும். லேப்ல இருந்தா எந்த லேப்புன்னு சொல்லு, நான் போய் வாங்கிக்கிறேன்.”

அவள் குனிந்து கீழ் டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

“இதுல எது உங்களோடதுக்கா?”

பத்துப் பதினைந்து இருக்கும். வெள்ளி, செம்பு, ஒன்றிரண்டு தங்க முலாம். சிலதில் கறுப்புக் கயிறு அப்படியே இருந்தது. ஒன்றில் கயிற்றோடு ஒரு சின்னச் சிவப்பு மணியும் இருந்தது, பிள்ளைக்குக் கண்பட்டுவிடக் கூடாது என்று யாரோ கோத்தது. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. ஒட்டிய பெயர்ச் சீட்டுகள் உரிந்து டப்பாவின் அடியில் கிடந்தன.

எங்களுடையது எது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா வந்தால் தொட்டதும் சொல்லிவிடுவாள். நான் இரண்டு மூன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். இதேபோல எத்தனை பேர் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எத்தனை பேருக்கு அவன் கோப்பி கலக்கிக் கொடுத்திருப்பான்.

அப்புறம் நான் கத்திய கத்தில் கீழே பூக்கடைக்காரர் மேலே ஓடி வந்தார். அந்தப் பெண் அழுதாள். “நான் வேலைக்குச் சேந்து ரெண்டு மாசம்தான்க்கா. லேப்காரங்க வந்து எடுத்துக்குவாங்கன்னாரு. யாருமே வரல.” அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது. டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இதற்குள் என்ன இருக்கிறது என்று மலாயில் கேட்டார் கவுன்டரில் இருந்தவர். ‘தாலி பூசாட்’ என்றேன், தொப்புள்கொடி. அவர் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். டப்பாவைச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது பூக்கடைக்கு மேலே போர்டே இல்லை.

அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து நேராக வார்டுக்குப் போய்த் தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

“அந்த நாயை நான் விடப்போறதில்ல. ஒண்ணுகூடத் தொறக்கலடா. ஒண்ணுகூட.”

“கத்தாதக்கா, பக்கத்துல ஆள் இருக்காங்க,” என்றான். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “அதுல ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்,” என்றான்.

“என்னடா தெரியும்?”

“நாப்பது வருசமா பிஸ்கட் டின்ல கெடந்த சாமான். அதுலேருந்து சதை வளருமா? நான் என்ன மடையனா?”

“அப்புறம் ஏன்டா டேட்டைத் தள்ளி வச்ச?”

அவன் கூரையைப் பார்த்தான். “நெஞ்ச ரெண்டாப் பொளப்பாங்கன்னாங்க. பயம்க்கா. ஒரு சாக்கு கெடைச்சிச்சு, புடிச்சுக்கிட்டேன்.”

“பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“ஒன்கிட்டயா?” என்று சிரித்தான் அவன். கேலியாக இல்லை, பிரியமாகத்தான் சிரித்தான். “நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னதுக்கே பெட்டிய எறக்கிட்டு வான்னவ நீ.”

இத்தனை மாதமாக நான் சுமந்துகொண்டு திரிந்த கோபத்துக்கு அந்த விபூதிக்காரன் ஒரு முகம் கொடுத்திருந்தான். வாட்ஸ்அப்பில் அதை எழுதியவன், என்னைப்போல அனுப்பியவர்கள், ஆஸ்பத்திரி வரிசை என்று எல்லார்மேலும் பிரித்துப் போட்டு வைத்திருந்தேன். என் தம்பி ஒரே வார்த்தையில் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

“அம்மாகிட்ட அந்த டப்பா விசயத்த மட்டும் சொல்லிடாதக்கா,” என்றான். “லேப்புக்குப் போயிருக்குன்னே இருக்கட்டும்.”

தண்ணீர் வடிந்தது. கால் வீக்கம் குறைந்தது. ஆனால் நெஞ்சு தாங்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில், நான் அலுவலகத்தில் டிரிப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் போய்விட்டான். அந்தப் பெண் டாக்டரே போன் பண்ணினார். நான் எதிர்முனையில் டிரைவர் என்று நினைத்து, “எங்கடா இருக்க?” என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள். அம்மா சாப்பிட மறுத்துக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி சோறு போட்டு வைத்துவிட்டுப் போன தட்டு அப்படியே இருந்தது. நான் எதிரில் உட்கார்ந்தேன்.

“ஏன்டி,” என்றாள் அம்மா, “இன்னும் ரெண்டு மூணு வாரம் தாக்குப் பிடிச்சிருந்தான்னா அந்த மருந்து வந்திருக்கும்ல?”

என்னிடம் பதில் இருந்தது. டப்பா, டிராயர், போலீஸ் ஸ்டேஷன், எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. என் வாழ்க்கையில் அம்மாவிடம் சொல்ல வந்ததை நான் விழுங்கியதே இல்லை, அம்மா தாயத்தை எடுத்துக் காட்டிய அந்த ஒரு நாளைத் தவிர. விழுங்கக்கூடாத அன்றைக்கு விழுங்கினேன்.

“ஆமாம்மா,” என்றேன். “வந்திருக்கும்.”

“நான் பத்திரமாத்தான் வச்சிருந்தேன்.”

“ஆமாம்மா. நீ பத்திரமாத்தான் வச்சிருந்த.”

அம்மா தலையை ஆட்டினாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.